பிரிஸ்காவின் வலது தோள்

ரூபா: நீ என்ன சொன்னாலும் சரி வைஜி, நான் போயி கோச் சார்கிட்ட சொல்லத்தான் போறேன்.

வைஜெயந்தி: மொதல்ல உக்காருடி. பொட்டலத்தப் பிரி. மீனு ஆறிப் போச்சுன்னா வாயில வைக்க ஏலாது.

ரூபா: எனக்குப் பசிக்கல.

வைஜெயந்தி: கேட்டுக்கோங்க ஊரே. தீவுகள் கோப்பை வில்வித்தையில செமிஃபைனல் ஜெயிச்சாச்சு. மூணு மணிக்கு ஃபைனல்ல இந்தோனேசியா பிள்ளைங்களோட நிக்கணும். இவளுக்குப் பசிக்கலையாம். சரி, உன் மீனையும் இந்தப் பக்கம் தள்ளு.

ரூபா: விளையாடாத. பிரிஸ்கா வர்றதுக்குள்ள முடிவு பண்ணணும். அவ தோளு...

வைஜெயந்தி: மெல்லப் பேசு. பக்கத்துக் கூடாரம் சிலோன் டீமு. அவங்களுக்குத் தமிழ் வெளங்கும்.

ரூபா: வெளங்கட்டுமே. அவங்களோட ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே. வைஜி, வலது தோளு போயிருச்சுன்னு பிரிஸ்காவே ஞாயித்துக்கிழமை என்கிட்ட சொன்னா. நாண் இழுக்கிற கை. அந்தக் கையோட இன்னொரு ஆட்டம் அவள ஆட விட்டா நாம மனுஷங்களா?

வைஜெயந்தி: எனக்கும் தெரியும்.

ரூபா: என்ன தெரியும்?

வைஜெயந்தி: அவ தோளு விஷயம். என்கிட்டயும் சொல்லியிருக்கா.

ரூபா: அப்படியா. எப்ப?

வைஜெயந்தி: அதே ஞாயித்துக்கெழமதான்.

ரூபா: எங்க வச்சு?

வைஜெயந்தி: என்னா இது, போலீஸ் மாதிரி... பஸ்ஸுல. பிராக்டிஸ் முடிஞ்சு போறப்ப.

ரூபா: ஞாயித்துக்கிழமை நீ பஸ்ல வரவே இல்லையே. உங்கப்பா கட்சால் தீவுலேர்ந்து கப்பல்ல வந்தாருன்னு நேரா ஜெட்டிக்குல்ல ஓடினே.

வைஜெயந்தி: ஆங்... அப்ப திங்கக்கெழம. ஏதோ ஒரு கெழம. இப்ப அது முக்கியமா?

ரூபா: இல்ல. சும்மா கேட்டேன்.

வைஜெயந்தி: உன்கிட்ட என்னான்னு சொன்னா?

ரூபா: பையக் கட்டிட்டு இருந்தேன். வந்து பக்கத்துல உக்காந்தா. 'கிசிகோ மத் போல்னா'ன்னு கையப் பிடிச்சு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினா. தோள்ல எதோ பிடிச்சுக்கிச்சாம். ஒரே இழுப்புல இழுத்து விட முடியலையாம். இழுத்து, இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி இழுக்க வேண்டியிருக்காம். அதுக்கு நேரம் வேணும். அதனால நீ கடைசி ஆளா நிக்காத ரூபா, நான் நிக்கிறேன், நீ மொத ஆளாப் போயி சட்டுனு விட்டுட்டு வந்து மிச்ச நேரத்த எனக்குக் குடுன்னா. கண்ணுல தண்ணி வேற.

வைஜெயந்தி: கண்ணுல தண்ணியா? பிரிஸ்காவுக்கா?

ரூபா: ஏன், நம்ப முடியலையா?

வைஜெயந்தி: இல்ல... அவ அழுது நான் பாத்ததே இல்ல. அதான். அந்த அளவுக்குப் போவான்னு... அந்த அளவுக்கு வலிக்கும்னு நெனைக்கல.

ரூபா: பாவம்ல?

வைஜெயந்தி: பாவந்தான்.

ரூபா: அதான் சொல்றேன், சார்கிட்ட சொல்லிடலாம்.

வைஜெயந்தி: சொன்னா என்னா ஆகும்? கட்டை விரல் வலிக்குதுன்னு சொன்னாலே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போற ஆளு. பிரிஸ்காவ நிறுத்திட்டு ரிசர்வுல இருக்கிற சித்ராவ எறக்குவாரு. சித்ரா நல்ல பிள்ளதான், நல்லா அடிக்கிறவதான். ஆனா இன்னைக்குக் காலையில நாம மூணு பேரும் அடிச்ச மாதிரி ஆகுமா? நீயே சொல்லு.

ரூபா: ஆகாது.

வைஜெயந்தி: ஆங். அப்புறம்?

ரூபா: ஆகாதுதான். அதுக்காக? ஒரு கோப்பைக்காக அவ கையப் பலி குடுக்கணுமா? நாளைக்கு அவளால வில்லயே தொட முடியாமப் போச்சுன்னா, கோப்பையத் தூக்கி அலமாரியில வச்சு நான் என்ன பண்றது? தெனம் அதப் பாத்துச் சாப்பிட முடியுமா?

வைஜெயந்தி: அப்படியெல்லாம் ஆகாதுடி.

ரூபா: உனக்கு எப்படித் தெரியும்?

வைஜெயந்தி: தெரியும்னா தெரியும்.

ரூபா: நீ என்ன டாக்டரா?

வைஜெயந்தி: ஊறுகா வேணுமா உனக்கு?

ரூபா: வேணாம்.

வைஜெயந்தி: உங்க வீட்லேர்ந்து யாரும் வரலையா? கேலரியில உங்கம்மாவத் தேடினேன், காணல.

ரூபா: பேச்ச மாத்துற. சரி. அம்மா வரல. பத்துபஸ்தியில இன்னிக்குத் தண்ணி வர்ற நாள். வீட்ட விட்டு நகர முடியாதுன்னு மொபைல்லயே பாத்தாங்களாம். இப்பத்தான் போன் பண்ணாங்க.

வைஜெயந்தி: என்னா சொன்னாங்க சுசீலாம்மா?

ரூபா: சந்தோஷத்துல பாதி வார்த்தை வரல. அப்புறம் ஒரே சந்தேகம். ஏன்டி, நீ நிதானமாத்தான அடிப்ப, இன்னிக்கு என்ன, கடைசி ஃபெரிய விட்டுட்ட மாதிரி அவசர அவசரமா விட்டியேன்னு. இது தனி ஆட்டம் இல்லம்மா, டீம் ஆட்டம், மூணு பேருக்கும் சேத்து ரெண்டே நிமிஷம், ஆளுக்கு ரெண்டு அம்பு, ஒருத்தி கோட்ட விட்டுத் திரும்பி வந்தாத்தான் அடுத்தவ போக முடியும்னு சொன்னேன். புரியல. அப்புறம், மூணு வீட்டுக்கு ஒரே குழாய்மா, தண்ணி கொஞ்ச நேரம்தான் வரும்னேன்.

வைஜெயந்தி: அடிப்பாவி.

ரூபா: உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. 'அப்ப மொதல்ல பிடிக்கிறவ குடத்த வச்சுக்கிட்டு வேடிக்க பாக்கக் கூடாது, பின்னாடி நிக்கிறவளுக்கு விடணும்'னாங்க. அதேதான்மான்னேன்.

வைஜெயந்தி: நம்ம சார் ஒரு மாசமாக் கத்திக் கத்திச் சொன்னத உங்கம்மா ஒரு குடத்துல முடிச்சிட்டாங்க.

ரூபா: அதுக்கு மேல ஒண்ணு கேட்டாங்க பாரு. 'நீங்க ரெண்டு பேரும் விட்டுக் குடுத்த தண்ணிய அந்தக் கடைசிப் பொண்ணு என்ன பண்ணிச்சு? அத்தன நேரமும் வில்லப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னுச்சே'ன்னு.

வைஜெயந்தி: நானும் அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.

ரூபா: நீ பின்னாடி நின்னு என்ன நினைச்ச? உண்மையச் சொல்லு.

வைஜெயந்தி: நெனைக்க எங்க நேரம்? ரெண்டு பக்கமும் புள்ளி சமம். சிலோன் பிள்ளைங்க அடிச்சு முடிச்சிட்டாங்க. நீ போயி ரெண்டையும் விட்டுட்டு வந்துட்ட. நானும் விட்டுட்டு வந்துட்டேன். பிரிஸ்கா மொத அம்பு, பத்து. இன்னும் ஒரே ஒரு அம்பு. ஒம்பது அடிச்சா ஃபைனலு, எட்டு அடிச்சா மறுபடி ஆளுக்கு ஒண்ணு விடணும், ஏழுன்னா மூட்ட கட்டணும்.

ரூபா: அவ இழுத்தா.

வைஜெயந்தி: இழுத்தா.

ரூபா: அப்புறம் இறக்கிட்டா.

வைஜெயந்தி: ஆமா.

ரூபா: ஏன் இறக்கினா வைஜி?

வைஜெயந்தி: ஏன்னா... தோளு.

ரூபா: தோளா?

வைஜெயந்தி: நீதானே சொன்ன, தோளுன்னு.

ரூபா: ஆமா. நான்தான் சொன்னேன். மேல சொல்லு.

வைஜெயந்தி: கேலரி மொத்தமும் செத்துப் போச்சு. அதுவரைக்கும் பெங்காலி, தெலுங்கு, மலையாளம்னு ஆளுக்கு ஒரு பாஷையில கத்திக்கிட்டு இருந்த சனம். லம்பா லைன் பக்கம் பிளேன் எறங்குற சத்தம் மட்டும் கேக்குது. கடிகாரத்துல நம்பரு கொறஞ்சுக்கிட்டே இருக்கு. அவ என்னாடான்னா வில்லத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டு, டார்கெட்டப் பாக்கல, கொடியப் பாக்கல... எங்கயோ மேல பாக்குறா. கோயில்ல நிக்கிற மாதிரி நின்னாடி. நான் பின்னாடிலேர்ந்து 'டைம் ஹை, டைம் ஹை'ன்னு சொல்லணும். அதுதானே என் வேல. நாக்கு பெரளல. நீதான் சொன்ன.

ரூபா: நான் மெதுவாத்தான் சொன்னேன். நேரம் இருக்குடி, உன் நேரம்தான், நாங்க வச்சிட்டுப் போனதுதான்னு.

வைஜெயந்தி: இந்தியிலயா சொன்ன?

ரூபா: தமிழ்லயே சொல்லிட்டேன். அந்த நேரத்துல இந்தி எங்க வருது? தமிழ் தெரியாட்டியும் அவளுக்குப் புரிஞ்சிருச்சு. ஒரு விரல லேசா அசைச்சா.

வைஜெயந்தி: நான் கவனிக்கல.

ரூபா: அப்புறம் இழுத்தா பாரு. அந்த இழுப்ப நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவசரமே இல்ல. உலகத்துல இருக்கிற நேரம் மொத்தமும் அவளோடதுங்கிற மாதிரி இழுத்தா. நான் மூச்சு விடல. நீயும் விடல, எனக்குத் தெரியும், உன் தோளு என் தோள்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பின்னாடி நின்ன நமக்கும் சேத்து அவ ஒருத்தியே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு வைஜி.

வைஜெயந்தி: எனக்கும்தான். பத்துன்னு டெலஸ்கோப்புல பாத்து சார் சொன்னப்பக் கூட நான் அழல. அந்தச் சிலோன் பிள்ள வந்துச்சே, ஒசரமா, ரெட்டச் சட போட்டுக்கிட்டு... அதுதான் என்ன அழ வச்சிருச்சு.

ரூபா: உன்கிட்ட ஏதோ சொல்லிட்டுப் போச்சே?

வைஜெயந்தி: சிலோன்ல அட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்துப் பிள்ளையாம். அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த எங்கப்பா பேசுற அதே தமிழ். தோத்துப் போயி நிக்கிது, கண்ணெல்லாம் செவந்து இருக்கு, ஆனாலும் வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, 'அக்கா, நாங்க மூணு பேரு அடிச்சோம், நீங்க ஒரு ஆளு அடிச்சீங்க'ன்னு சொல்லிச்சு. தோத்தவ வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வரணும்னா...

ரூபா: நல்ல மனசு.

வைஜெயந்தி: அதான் சொல்றேன் ரூபா. ஒரு ஆளு. அதுல ஒரு கையப் பிடுங்கிட்டு வேற கைய ஒட்ட வைக்காத. மூணு மணி வரைக்கும் பொறுத்துக்கோ. நாளைக்கு நானே அவளக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

ரூபா: நாளைக்குப் போயி என்ன? இன்னிக்குப் பிஞ்சு போறது நாளைக்கு ஒட்டிக்குமா?

வைஜெயந்தி: ஐயோ, இவளோட...

ரூபா: நீ ரொம்பத் தடுக்கிற வைஜி. நீதான் டீம்லயே பெரிய பயந்தாங்கொள்ளி. போன மாசம் சித்ரா கால்ல ஒரு முள்ளு குத்தினதுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னவ நீ. இன்னிக்குப் பிரிஸ்கா தோளு போயிருக்குன்னு சொல்றேன், நீ மீன் முள்ளு எடுத்துட்டு இருக்க.

வைஜெயந்தி: மீனுல முள்ளு இருந்தா எடுக்கத்தானே வேணும்.

ரூபா: நான் போறேன்.

வைஜெயந்தி: உக்காரு. சாரே வர்றாரு. ரூபா, உன் கால்ல விழுறேன், வாயத் தொறக்காத.

கோவிந்தராஜ்: என்னம்மா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? இன்னும் சாப்பிட்டு முடிக்கலையா?

வைஜெயந்தி: முடிச்சுட்டோம் சார். இவதான் சார் கொறிச்சுக்கிட்டு இருக்கா.

கோவிந்தராஜ்: பிரிஸ்கா எங்க?

வைஜெயந்தி: ரேடியோக்காரங்க கூப்பிட்டுப் போயிருக்காங்க சார். இப்ப வந்துருவா.

கோவிந்தராஜ்: வந்ததும் சாப்பிடச் சொல்லுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கண்ண மூடிப் படுங்க. அம்மா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நான் உங்க பின்னாடி கோச்சுன்னு ஒரு அட்டையக் கழுத்துல மாட்டிட்டு நின்னேன் பாருங்க, கடைசி ரெண்டு செட்டுல நான் ஒரு வார்த்தை பேசல. கவனிச்சீங்களா?

வைஜெயந்தி: கவனிச்சோம் சார். ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்.

கோவிந்தராஜ்: பேச ஒண்ணும் இல்லம்மா. ஒருத்தி திரும்பறா, அடுத்தவ கால் அங்க இருக்கு. ஒருத்தி விடறா, அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்தவ மூச்சு எடுத்தாச்சு. இப்படி ஒண்ண நானும் ஆடினதில்ல, யாரையும் ஆட வச்சதும் இல்ல. இது நான் சொல்லிக் குடுத்தது இல்ல. எங்கேர்ந்து வந்துச்சுன்னும் எனக்குத் தெரியல. கை எடுத்துக் கும்பிடலாமான்னு தோணிச்சு.

ரூபா: சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

வைஜெயந்தி: காத்து சார். காத்தப் பத்திச் சொல்ல வந்தா.

கோவிந்தராஜ்: அவளச் சொல்ல விடும்மா. என்ன ரூபா?

ரூபா: பிரிஸ்கா...

கோவிந்தராஜ்: பிரிஸ்காவுக்கு என்ன?

ரூபா: ...பிரிஸ்கா கடைசி அம்புக்கு முன்னாடி எங்கயோ பாத்துட்டு நின்னாளே, என்னத்தப் பாத்தா சார்?

கோவிந்தராஜ்: ஓ, அதா. மரைன் ஹில் மேல இருக்கிற தென்னைய. துறைமுகக் காத்து மொதல்ல அங்கதான் அடிக்கும், அப்புறம்தான் கீழ கிரவுண்டுக்கு வரும். மட்டை ஆடி அடங்கினதும் விட்டா. மத்தவங்கெல்லாம் டார்கெட் மேல இருக்கிற கொடியப் பாப்பாங்க, அது ஆடும்போது காத்து வந்து முடிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணு, மட்டை அடங்கற வரைக்கும் காத்திருக்க நேரம் வேணுமே. நீங்க ரெண்டு பேரும் அள்ளிக் குடுத்தீங்க, அவ நின்னா.

ரூபா: காத்துக்காகத்தான் இறக்கினாளா சார்?

கோவிந்தராஜ்: பின்ன? வேற எதுக்கு?

வைஜெயந்தி: ஆமா சார், வேற எதுக்கு. சார், உங்களுக்குச் சாப்பாடு வாங்கி வைக்கவா?

கோவிந்தராஜ்: நான் பாத்துக்கறேன். ரூபா, நீ கேட்டதால நானும் ஒண்ணு சொல்லிடறேன். இப்ப சொல்றதுல தப்பில்ல. போன வாரம் உனக்குப் பதிலா சித்ராவ எறக்கலாமான்னு யோசிச்சேன். பிரிஸ்காதான் ஞாயித்துக்கிழமை வந்து, ரெண்டு நாள் பொறுங்க சார், ரூபாவ மொத ஆளாப் போடுங்க, நான் கடைசியில நிக்கிறேன்னு சொன்னா.

ரூபா: என்னையா சார்? எதுக்கு என்னை மாத்தணும்னு...

கோவிந்தராஜ்: விடும்மா. பழைய கதை. காலையில அடிச்ச மாதிரியே மூணு மணிக்கும் அடி. அது போதும் எனக்கு. வரட்டா?

வைஜெயந்தி: சரி சார்.

ரூபா: அடிக்கிறேன் சார்.

வைஜெயந்தி: போயிட்டாரு. அப்பாடா. ஒரு நிமிஷத்துல என் உசுர எடுத்துட்ட.

ரூபா: என்னை மாத்த நெனச்சாராம். உனக்குத் தெரியுமா?

வைஜெயந்தி: எனக்கு என்னா தெரியும்?

ரூபா: ஏன் மாத்த நெனச்சாரு?

வைஜெயந்தி: அவரையே கேக்குறது.

ரூபா: சரி. கேட்டுட்டு, அப்படியே பிரிஸ்கா தோள் விஷயத்தையும் சொல்லிட்டு வந்துடறேன். இன்னும் தூரம் போகல அவரு. சார்னு ஒரு சத்தம் குடுத்தா திரும்பிப் பாப்பாரு.

வைஜெயந்தி: ரூபா.

ரூபா: கைய விடு.

வைஜெயந்தி: விட மாட்டேன். அவ தோளுக்கு ஒண்ணுமில்லடி.

ரூபா: என்ன?

வைஜெயந்தி: ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. எருமைய இழுக்கச் சொன்னாலும் இழுப்பா. சொல்லிட்டேன், போதுமா? ஐயோ, சொல்லிட்டேனே...

ரூபா: அப்ப ஞாயித்துக்கிழமை என்கிட்ட அழுதது?

வைஜெயந்தி: அழச் சொல்லி நான் சொல்லவே இல்ல. சத்தியமா. தோளு வலிக்குதுன்னு சொல்லுன்னுதான் பேசி வச்சோம். அழுகையெல்லாம் அவளாச் சேத்துக்கிட்டது.

ரூபா: எதுக்கு?

வைஜெயந்தி: தெரியாத மாதிரி கேக்காதடி. ஒரு வாரமா உன் வெரல் விடல. வில்ல முழுசா இழுக்குற, இழுத்தது போதும்னு வில்லுல இருக்கிற தகடு டிக்குனு சத்தம் போடுது, விடணும், நீ விடாம நிக்கிற. நின்னுக்கிட்டே இருக்குற. இறக்குற, மறுபடி இழுக்குற. பிராக்டிஸ்ல பாதி நாள் மூணு பேரோட நேரத்தையும் நீயே குடிச்சிட்ட. கேட்டா வெயில்னு சொன்ன, தலவலின்னு சொன்ன. ஒரு நாள் கண்ணுல தூசின்னு சொன்ன. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பின்னாடி நிக்கிறவளுக்குத் தெரியாதது என்னா இருக்கு? உன் முதுகப் பாத்தாலே எனக்கு வெளங்கிரும், இது விடுற முதுகா, விடாத முதுகான்னு. சார் சித்ராவ எறக்கப் போறாருன்னு காதுல விழுந்துச்சு. நான் ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். பிரிஸ்கா அழல. அவளுக்கும் முன்னாடி ஒரு தடவ, விட்டா அம்பு தப்பிப் போயிருமோங்கிற இந்தப் பயம் வந்திருக்காம். புத்தி சொன்னா போகாது, தட்டிக் குடுத்தாலும் போகாது, உனக்கு வந்திருக்குன்னு சொன்னா இன்னும் கூடிரும்னு சொன்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா. 'அப்னே லியே நஹீ சோடேகி, ஹமாரே லியே சோடேகி.'

ரூபா: தனக்காக விட மாட்டா. நமக்காக விடுவா.

வைஜெயந்தி: ஆமா. அதான் தோளு கதை. உனக்கு வந்த வியாதிய அவ எடுத்துத் தன் தோள்ல போட்டுக்கிட்டா. அவளுக்காக நேரம் மிச்சம் பிடிக்கணும்னு நீ ஓடினா, உன் பயத்தப் பாக்க உனக்கு நேரம் இருக்காதுன்னு. நடந்துச்சா இல்லையா? கால்லயிருந்து தலை வரைக்கும் வேற ஆளா நின்னியே காலையில. மொத செட்டுல தட்டுத் தடுமாறி ஏழு, எட்டு. அதுக்கப்புறம் ஒம்பதும் பத்துமாப் போட்டுத் தள்ளின. பின்னாடி நின்ன எனக்குக் கண்ணு கட்டிப் போச்சு. பிரிஸ்கா என் கையக் கிள்ளிக்கிட்டே இருந்தா, பாரு இந்த எடம் செவந்து போயிருக்கு.

ரூபா: ரொம்ப வலிக்குதா?

வைஜெயந்தி: வலி கெடக்குது. இப்ப என்னாடி பண்றது? வாயப் பொத்திக்கிட்டு மூணு மணி வரைக்கும் இருந்திருக்கணும். உன்ன வெரட்டிப் பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கணும். அவளுக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே நீ யாருக்காக ஓடுவ? கோட்டுல போயி நின்னு மறுபடி அந்தச் சத்தம் கேட்டு, மறுபடி உன் வெரல் கட்டிக்கிச்சுன்னா... பிரிஸ்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அவ பாத்துப் பாத்துக் கட்டுன வீட்ட நான் ஒரு மீன் பொட்டலம் திங்கிற நேரத்துல இடிச்சுப் போட்டுட்டேன். ஏன்டி, நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், நீ எதுக்குச் சிரிக்கிற?

ரூபா: அழாத, முகத்தத் தொடச்சுக்கோ. எனக்குக் காலையிலேயே தெரியும்டி. மொத செட்டு முடிஞ்சு நீயும் அவளும் அம்பு எடுக்கப் போனீங்க. நான் இங்க நின்னு டெலஸ்கோப்புல பாத்துட்டு இருந்தேன். உன் அம்பு ஒண்ணு ஆழமா ஏறிப் போயி, நீ ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்து, காலக் கூட முட்டுக் குடுத்துப் பாத்த, வரல. பிரிஸ்கா உன்னத் தள்ளிட்டு வலது கையாலயே ஒரே பிடுங்கு. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. அங்கயே எல்லாம் தெரிஞ்சு போச்சு, எதுக்காகச் சொன்னா, யாருக்காகச் சொன்னான்னு. கண்ணுல தண்ணி வந்து மறைச்சுது எனக்கு. மொத செட்டுல அவ வலிக்காகப் பயந்து பயந்துதான் விட்டேன். ரெண்டாவது செட்டுக்குக் கோட்டுக்குப் போறேன், அந்தச் சத்தம் கேக்குது, விரல் தானா விட்டுருச்சு வைஜி. என் பின்னாடி இப்படி ரெண்டு பேரு நிக்கும்போது எனக்கு என்ன பயம்? இப்ப உன்ன இந்தப் பாடு படுத்தினது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நீங்களா ஒத்துக்கிட்டாத்தான், எனக்கும் தெரியும்னு நான் சொல்ல முடியும். போயி பிரிஸ்காகிட்ட சொல்லு, ஃபைனல்ல தோளப் பிடிச்சுக்கிட்டு எனக்காக நடிக்க வேண்டாம், அந்தத் தென்னைய மட்டும் பாக்கட்டும். நேரத்த நான் மிச்சம் பிடிச்சுத் தர்றேன்.